குறைந்த விலை இயர்போன்: சர்வீஸ் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் ஆறு வருஷம் சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் "ஹெட்செட்ல ஒரு பக்கம் கேட்கல, என்னன்னு பாரு" என்று சொந்தக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் கேட்பது நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். குறைந்த விலை என்று நான் சொல்வது சுமார் 2,000 ரூபாய் வரைக்கும்.

1. ஹெட்செட், இயர்போன், இயர்பட்ஸ்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

பேரைப் பற்றிக் கவலை வேண்டாம், கடையில் "ஹெட்செட்" என்று கேட்டாலே எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். முன்பு ஐபோனோடு பெட்டியில் வந்ததே, வெள்ளை நிறத்தில், ரப்பர் இல்லாமல் காதின் வாசலிலேயே தங்கிவிடும், அது ஒரு வகை. ரப்பரோடு காதுத் துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொள்வது இன்னொரு வகை, அதைத்தான் இன்-இயர் என்கிறோம். இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றித்தான். அதில் வயர் இருக்கலாம், ப்ளூடூத்தாகவும் இருக்கலாம்.

2. மின்சார ரயில்ல 100 ரூபாய்க்கு விக்கிறதும் பாடுது, கடையில 600 ரூபாய் சொல்றதும் பாடுது. எதுக்குக் கூடக் கொடுக்கணும்?

கேட்டுப் பார்த்தால் முதல் நாள் பெரிய வித்தியாசம் தெரியாமல்கூடப் போகலாம். நான் மேசையில் பிரித்துப் பார்த்த வரைக்கும் காசு போகிற இடம் மூன்று. இடது வலது இரண்டும் ஒரே அளவு சத்தம் கொடுக்கிறதா என்று பொருத்திப் பார்த்துப் போடுவது ஒன்று. மலிவானதில் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் ஒரு ஓரமாக நகர்ந்துவிட்ட மாதிரி கேட்கும். அடுத்தது வயர், போனில் செருகுகிற பின்னுக்குள் நுழைகிற கழுத்து, அதன் கதை 9ஆம் கேள்வியில் வருகிறது. மூன்றாவது மைக். 100 ரூபாய் வகையில் நீங்கள் பேசினால் எதிரில் இருப்பவர் "கிணத்துக்குள்ள இருந்து பேசறியா" என்பார்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காதில் இருக்கப் போகிறது என்றால் 500 முதல் 800 ரூபாய்க்குள் ஒரு தெரிந்த கம்பெனியின் வயர் இயர்போன் வாங்குங்கள். எப்போதாவது ஒரு வீடியோ பார்க்க மட்டும்தான் என்றால் 200 ரூபாயே போதும், அதில் தப்பே இல்லை.

3. பெட்டியில மூணு சைஸ் ரப்பர் இருக்கே, மீதி ரெண்டு ஸ்பேரா?

ஸ்பேர் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இன்-இயரில் பேஸ் (தாழ்ந்த, கனமான சத்தம்) வருவதே ரப்பர் காதை முழுசாக அடைப்பதால்தான். காதுக்கும் ரப்பருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சத்தம் அந்த வழியாக வெளியே போய்விடும், மிஞ்சுவது தகரத்தில் தட்டுகிற மாதிரி கீச்சுச் சத்தம். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் புதிதாக வாங்கிய இயர்போனைத் திருப்பிக் கொடுக்க வந்தார், "பேஸே இல்லண்ணா, டூப்ளிகேட் கொடுத்துட்டீங்க" என்றார். பெட்டியிலிருந்த பெரிய ரப்பரை மாட்டிக் கொடுத்தேன். பாட்டு தொடங்கிய நொடியில் முகமே மாறிவிட்டது. மூன்று ரப்பர் எதற்கு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சோதிப்பது சுலபம். எதிர்க் கையால் காதுமடலை மேலேயும் பின்னேயும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இயர்போனைச் சற்றுத் திருகி உள்ளே வையுங்கள், காதை விடுங்கள். பாட்டு போடாமலேயே மின்விசிறிச் சத்தம் மங்க வேண்டும். வாயை அகலத் திறந்து மூடினாலும் கழன்று வரக் கூடாது. இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள், எனக்கே வலது காதுக்கு நடு சைஸ், இடது காதுக்குப் பெரியது. எந்தச் சைஸும் நிற்கவில்லை என்றால் ஃபோம் ரப்பர் என்று தனியாகக் கிடைக்கும். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால் மெல்ல விரிந்து அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் வியர்வையில் சில மாதங்களில் வீணாகிவிடும்.

4. காதுல அழுத்தும்போது 'டிக்'னு ஒரு சத்தம் வருது, உள்ள உடைஞ்சிடுச்சா?

உடையவில்லை. நீங்கள் அழுத்தும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, இயர்போனுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வைத் தள்ளி மடக்குகிறது. அந்தச் சத்தம்தான் அது. அதே இடத்தில் வேகமாக அழுத்திக்கொண்டே இருப்பது நல்லதல்ல, 3ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி காதை இழுத்துப் பிடித்து மெதுவாக வைத்தால் பெரும்பாலும் வராது.

5. பெட்டியில 'எக்ஸ்ட்ரா பேஸ்'னு போட்டிருக்கிறதை வாங்கலாமா?

முதலில் இப்போது இருக்கிற இயர்போனில் ரப்பரை மாற்றிப் பாருங்கள். "பேஸ் பத்தல" என்று வந்தவர்களில் நிறையப் பேருக்கு அதுவே போதுமாக இருந்தது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் போனில் ஈக்வலைசர் (தாழ்ந்த சத்தம், மேல் சத்தத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற இடம்) இருக்கிறது, 60 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

பெட்டியில் பெரிதாக எழுதி வருகிற வகையில் பெரும்பாலும் அடி பேஸ் கூடுவதில்லை, அதற்குச் சற்று மேலே இருக்கிற பகுதியை ஊதிவிடுவார்கள். குத்துப் பாட்டுக்கு முதல் பத்து நிமிஷம் ஜோராக இருக்கும், அப்புறம் பாடுகிறவர் குரல் போர்வைக்குள் போய்விடும். கடையில் கேட்டுப் பார்க்க விட்டால் ஒரு மிருதங்கத் தனியைப் போடுங்கள். தொப்பிப் பக்கத்தின் (தாழ்ந்த சத்தம் தரும் இடது பக்கம்) 'தோம்' தனியாக இறங்கி நின்று, வலந்தலையின் (வலது பக்கம்) 'நம்', 'தின்' அதன் மேல் தெளிவாக விழுந்தால் அந்த இயர்போன் நல்லது. இரண்டும் சேர்ந்து கூழானால் வைத்துவிடுங்கள். அடுத்து நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள், உச்சத்தில் போகும்போது காதில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் அதுவும் வேண்டாம். விலைப்பட்டியலை விட இந்த இரண்டு சோதனையை நான் நம்புகிறேன்.

6. இந்தக் காலத்துல வயரா? ப்ளூடூத்தே வாங்கிடலாமே சார்?

வாங்கலாம், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். 1,000 ரூபாய் ப்ளூடூத் இயர்பட்ஸில் அந்த ஆயிரம் மூன்று பேட்டரி, ப்ளூடூத் சிப், சார்ஜ் பெட்டி, மைக் என்று பிரிந்து போகிறது, சத்தம் தரும் பகுதிக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதே ஆயிரம் வயர் இயர்போனில் ஏறக்குறைய முழுசாகச் சத்தத்துக்குப் போகும். ஒலி மட்டும் பார்த்தால் இந்த விலையில் வயர்தான் மேல், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்று ஆயுள். ஒவ்வொரு பட்ஸிலும் இருக்கிற பேட்டரி 50 எம்ஏஎச் பக்கம், உங்கள் போனில் இருப்பது 5,000. தினமும் காலியாகித் தினமும் நிரம்பினால் இரண்டு வருஷத்தில் நாலு மணி நேரம் ஓடியது இரண்டு மணி நேரமாகும், அதுவும் ஒரு பக்கம் முன்னே செத்துவிடும். மாற்ற முடியாத மாதிரி ஒட்டி வைத்திருப்பார்கள். இவ்வளவும் சொன்ன பிறகும், கூட்ட நெரிசலில் வயர் மாட்டி இழுபடுகிறது, ஓடும்போது இடைஞ்சல் என்பவர்களுக்கு ப்ளூடூத் நிஜமாகவே நிம்மதி. இரண்டு வருஷப் பொருள் என்று எண்ணி வாங்குங்கள், ஏமாற்றம் இருக்காது.

7. என் போன்ல ஹெட்செட் ஓட்டையே இல்லை. டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன், அதுவும் வேலை செய்யல.

2016இல் ஆப்பிள் ஐபோன் 7இல் அந்த 3.5 மில்லிமீட்டர் துளையை எடுத்தது, அப்புறம் மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். கன்வெர்ட்டரில் இரண்டு ஜாதி உண்டு, வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் உள்ளே வெறும் கம்பிதான், போன் தானே டைப்-சி துளை வழியாகப் பாட்டு மின்சாரத்தை அனுப்பினால்தான் வேலை செய்யும், அப்படி அனுப்புகிற போன்கள் சிலதான். இன்னொன்றில் டாக் என்கிற சின்ன சிப் இருக்கும், டிஜிட்டலாக வருவதை அதுவே ஒலியாக மாற்றிக் கொடுக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பெட்டியில் டாக் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் 50 ரூபாய்க்குக் கொடுத்தால் அது வெறும் கம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜி என்று ஒன்றை ஆன் செய்தாலொழிய டாக் இருந்தாலும் சத்தம் வராது, திருப்பிக் கொடுக்கும் முன்னால் அதையும் பார்த்துவிடுங்கள்.

8. அண்ணா, பாட்டுல மியூசிக் எல்லாம் கேட்குது, பாடுறவர் குரல் மட்டும் காணோம்!

மேசையில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கேட்பவர் மிரண்டு போய் வருவார், பாதி நேரம் ஒரு பைசா செலவில்லாமல் சரியாகிவிடும். பின்னில் இடது, வலது, மைக் போக இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு எர்த் கம்பி உண்டு. அந்த எர்த் தொடர்பு விட்டுப்போனால் மின்சாரம் இடதிலிருந்து வலதுக்கு ஓடத் தொடங்கும், அப்போது கேட்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடுகிறவர் குரலைப் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் பதிவு செய்வார்கள். ஒரே அளவில் இருப்பதைக் கழித்தால் பூஜ்யம், அதனால்தான் குரல் காணாமல் போய், ஓரத்தில் இருந்த வயலினும் எதிரொலியும் மட்டும் மிதக்கின்றன.

முதலில் போனின் பின் உறையைக் கழற்றிப் பாருங்கள். தடிமனான உறை பின்னை முழுசாக உள்ளே போக விடாது. அடுத்து, துளைக்குள் சட்டைப் பை பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், போனை அணைத்துவிட்டு ஒரு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி வேண்டாம். அதிலும் சரியாகவில்லை என்றால் மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்வரை குரல் திரும்பி வந்தால் உங்கள் இயர்போனின் பின் அமைப்பும் போனின் அமைப்பும் ஒத்துப்போகவில்லை. சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு முறை உண்டு, எர்த்தும் மைக்கும் இடம் மாறியிருக்கும். இப்போது வருகிற போன்கள் எல்லாம் ஏறக்குறைய சிடிஐஏதான், பழைய இயர்போனை மாட்டினால்தான் இந்தச் சிக்கல். இவற்றில் எதுவுமே இல்லை என்றால் எர்த் கம்பி உள்ளே அறுந்திருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

9. வயர் எப்பவும் பின் கிட்டயே கட் ஆகுதே, ஏன்? சால்டரிங் பண்ணிக் கொடுப்பீங்களா?

வயர் அதிகமாக வளைகிற இடம் அதுதான் என்பதால். உள்ளே இருப்பது முடியைவிட மெல்லிய, பூச்சுப் பூசிய செம்புக் கம்பிகள், கூடவே நைலான் இழை. போனைப் பேண்ட் பையில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் ஒரே இடத்தில் ஆயிரம் முறை மடிகிறது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுப்பது, போனைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பது, இரண்டும் அதே இடத்தைத்தான் கொல்லும். நாலு விரலில் தளர்வாகச் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போடுங்கள். நேர் பின்னைவிட 'ட' மாதிரி வளைந்த பின் சட்டைப் பைக்கு நல்லது.

பின் மாற்றித் தர முடியும். அந்தப் பூச்சை எரித்துத்தான் சால்டர் பிடிக்கும், நாலு கம்பியையும் மாறாமல் வைக்க வேண்டும், பொறுமையான வேலை. பின்னுக்கும் கூலிக்கும் சேர்த்து 100 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றால் 200 ரூபாய் இயர்போனுக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். 600க்கு மேல் என்றால் செய்யலாம். காது பக்கத்து முனையில் அறுந்திருந்தால் விட்டுவிடுங்கள், கூட்டை உடைத்துத் திறந்தால் பழையபடி மூடாது, 3ஆம் கேள்வியில் சொன்ன அந்த அடைப்பு போய்விடும்.

10. ஒரு பக்கம் சத்தம் ரொம்பக் கம்மி. அறுந்துபோச்சா?

அவசரப்படாதீர்கள். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி வையுங்கள். குறைச்சல் இயர்போனோடு கூடவே மறு காதுக்கு வந்தால் கோளாறு இயர்போனில். குறைச்சல் அதே காதில் தங்கினால் இயர்போன் நன்றாக இருக்கிறது, காதைப் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருக்கலாம், டாக்டர் சில நிமிஷத்தில் எடுத்துவிடுவார். ஆனால் திடீரென்று, ஓரிரு நாளுக்குள் ஒரு காது கேட்காமல் போயிருந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதில் சீக்கிரம் சிகிச்சை தொடங்குவதுதான் முக்கியம்.

இயர்போனில்தான் கோளாறு என்றால் ரப்பரைக் கழற்றி முனையில் இருக்கிற வலையை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் குறும்பி படிந்து மூடியிருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மெல்லிய பல்துலக்கியால் தட்டித் தேயுங்கள், அழுக்கு கீழே விழட்டும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் எச்சில் ஈரத்தை உள்ளே அனுப்பும், ஊசி வலையைக் கிழிக்கும். மாதம் ஒரு முறை செய்தால் இந்தக் கேள்வியே வராது.

11. நடக்கும்போது வயர் சட்டையில பட்டு 'தட தட'ன்னு காதுக்குள்ள கேட்குது. என் காலடிச் சத்தமே கேட்குது!

காது அடைபட்டிருப்பதால் வயரில் வரும் அதிர்வும் உடம்பு வழியாக வரும் சத்தமும் பெரிதாகக் கேட்கின்றன. சாப்பிடும்போது மெல்லுகிற சத்தம், பேசும்போது உங்கள் குரலே பானைக்குள் பேசுவது மாதிரி இருப்பது, எல்லாம் ஒரே காரணம். வயர் உரசலுக்கு வைத்தியம் இருக்கிறது: வயரைக் காதுமடலுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறக்கி விடுங்கள், அல்லது சட்டையில் ஒரு கிளிப் போடுங்கள், பெருமளவு குறையும். குரலுக்கு முழு வைத்தியம் இல்லை. நிறைய போன் பேசுகிறவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு பேசுவது இதனால்தான், அதுவே நல்ல பழக்கம்.

12. ப்ளூடூத்ல பாட்டு நல்லா கேட்குது, லேப்டாப்ல மீட்டிங் ஆரம்பிச்ச உடனே ரேடியோ மாதிரி ஆயிடுது. பழுதா?

பழுதில்லை. ப்ளூடூத் பாட்டுக்கு ஒரு வழியையும் பேச்சுக்கு வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. பாட்டு வழியில் லேப்டாப்பிலிருந்து காதுக்கு என்று ஒரே திசையில் மட்டும் போகும், தரம் நன்றாக இருக்கும். மைக் ஆன் ஆனதும் இரண்டு திசையிலும் போய் வர வேண்டியிருப்பதால் பேச்சு வழிக்கு மாறிவிடும். சிடி தரத்தில் நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து பதிவு செய்கிறார்கள் என்றால் அங்கே 8,000 அல்லது 16,000 தடவைதான். அதனால்தான் பழைய தொலைபேசி மாதிரி ஒலிக்கிறது. எல்டிஏசி, ஏஏசி (சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் பாட்டு வழிக்குத்தான், பேச்சுக்கு உதவாது.

ஒரு வழி உண்டு. மீட்டிங் செட்டிங்ஸில் மைக் என்ற இடத்தில் இயர்பட்ஸுக்குப் பதில் லேப்டாப்பின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கர் என்ற இடத்தில் இயர்பட்ஸை அப்படியே விடுங்கள். கேட்பது தெளிவாகிவிடும். பெரும்பாலும் உங்கள் குரலும் எதிராளிக்கு முன்னைவிட நன்றாகக் கேட்கும்.

13. கேம் ஆடும்போது சுட்டப்புறம்தான் சத்தம் வருது. ஆனா வீடியோவுல உதடு சரியா ஒத்துப்போகுதே?

ப்ளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி விரிக்க நேரம் பிடிக்கும், சாதாரண இயர்பட்ஸில் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடப் போகும். வீடியோ ஏற்கனவே இருக்கிற படம் என்பதால் ஆப் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டி ஒப்பேற்றிவிடும். கேமில் நீங்கள் எப்போது பட்டனை அழுத்துவீர்கள் என்று யாருக்குத் தெரியும்? கேம் மோடு இருந்தால் ஆன் செய்யுங்கள், குறையும், முழுசாகப் போகாது. விளையாட்டுதான் முக்கியம் என்றால் 6ஆம் கேள்வியில் சொன்ன வயருக்கே வாருங்கள்.

14. 10 எம்எம் ட்ரைவர், 14 எம்எம் ட்ரைவர், 4 ட்ரைவர், 16 ஓம்... எது பெருசோ அது நல்லதா?

இல்லை. ட்ரைவர் என்பது உள்ளே சத்தம் எழுப்புகிற பாகம். 1991இல் வந்த எட்டிமோட்டிக் இஆர்-4 என்ற இன்-இயரில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சின்ன ட்ரைவர்தான், காது கேட்கும் கருவிகளில் வருகிற வகை. இசைப் பதிவுக்காரர்கள் அதைப் பல வருஷம் நம்பிக் கேட்டார்கள். எத்தனை, எவ்வளவு பெரிது என்பதைவிட எப்படிச் சுருதி சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓம் (மின்தடை அளவு) மட்டும் கொஞ்சம் பயன்படும்: 16 அல்லது 32 என்றிருந்தால் போனே போதும்.

15. கேஇசட், மூன்ட்ராப்னு சைனா ஐஇஎம் வாங்கச் சொல்றாங்க. நம்பலாமா?

நம்பலாம். ஐஇஎம் என்றால் இன்-இயர் மானிட்டர், நாம் பேசுகிற இன்-இயர் வகைதான். 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் ஒலிக்கு மட்டும் பார்த்தால் இப்போது கிடைப்பதில் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ, டாங்ஸூ வானர் ஆகியவை குரல் தெளிவுக்குப் பேர் போனவை, 5ஆம் கேள்வியின் மிருதங்கச் சோதனையில் நன்றாகத் தேறும். கேஇசட்டில் மாடலுக்கு மாடல் மாறும், சிலதில் மேல் சத்தம் கூர்மை. பெரிய நன்மை, வயரைக் கழற்றி மாற்றலாம், 9ஆம் கேள்வியின் தலைவலி போயிற்று. ஆனால் பின் அமைப்பைப் பார்த்து வாங்குங்கள், 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின் என்று ஒன்று, கேஇசட் 0.75 என்று இன்னொன்று. மாற்றிச் செருகினால் ஒன்று தளரும் அல்லது உள்ளே இருக்கும் துளை விரிந்து போகும். பேசத்தான் அதிகம் தேவை என்றால் மைக் உள்ள வயரோடு கேட்டு வாங்குங்கள், மைக் இல்லாமலும் விற்கிறார்கள்.

16. காதுக்குள்ள அரிக்குது, மழைக்காலத்துல தண்ணி மாதிரி வடியுது. ஹெட்செட்டாலயா?

இருக்கலாம். அடைத்த காதில் வெப்பமும் ஈரமும் தங்கும், சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் பூஞ்சைத் தொற்றுக்கு அது வசதி. குளித்து முடித்த ஈரக் காதில் மாட்டாதீர்கள், மணிக்கு ஒரு தடவை கழற்றிக் காற்று பட விடுங்கள், வியர்த்தால் ரப்பரைத் துடையுங்கள். உங்கள் இயர்போனை இன்னொருவர் காதில் போடக் கொடுக்க வேண்டாம், கூடப் பிறந்தவர்களாக இருந்தாலும். ஏற்கனவே வடிகிறது, வலிக்கிறது என்றால் இயர்போனை ஒதுக்கிவிட்டு டாக்டரைப் பாருங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, பஞ்சுக் குச்சி விட்டுக் குடைவது இரண்டும் வேண்டவே வேண்டாம், பஞ்சுக் குச்சி குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

17. எவ்வளவு சத்தம் வெச்சாத் தப்பில்லை? ஃபுல் வெச்சாத்தான் ரயில்ல கேட்குது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுக்க 4 மணி நேரம்தான், 100இல் 20 நிமிஷம். குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதே 40 மணி நேரம். பல போன்களில் டெசிபல் தெரியாது என்பதால் அவர்கள் சொல்லும் சுலபமான வழி, முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது.

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை ரயிலில் போகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுச் சத்தம் வைப்பது ஏன் என்று எனக்குத் தெரியும், நானும் போயிருக்கிறேன். சக்கரச் சத்தத்தைப் பாட்டால் அமுக்கப் பார்க்கிறார்கள். அதற்கு வழி சத்தத்தைக் கூட்டுவது அல்ல, சக்கரச் சத்தம் உள்ளே வராமல் அடைப்பது. திரும்பவும் 3ஆம் கேள்விதான், ஃபோம் ரப்பர் அதற்குத்தான் நன்றாக உதவும். பாதிச் சத்தத்திலேயே வரி வரியாகக் கேட்கும். கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். உள்காதில் இருக்கிற மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. இருபது வயதுப் பையன்கள் முழுச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் மனசு பதறுகிறது.

இன்னும் ஒன்று, தண்டவாளத்தைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இரண்டு காதிலும் கழற்றி விடுங்கள். அடைக்கிற இயர்போன் வேலை செய்வதே வெளிச்சத்தத்தை நிறுத்தித்தான், ரயிலின் ஹாரனையும் அது நிறுத்தும்.

18. வேர்வை, மழை தாங்கும்னு ஐபிஎக்ஸ்4 போட்டிருந்துச்சு. இருந்தும் போயிடுச்சு, வாரண்டியும் தரமாட்டேங்கிறாங்க.

4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், முக்கினால் தாங்காது. முக்கத் தாங்குவது 7, ஒரு மீட்டர் ஆழம் வரை அரை மணி நேரம். அதிலும் அந்த எண் பெரும்பாலும் பட்ஸுக்குத்தான், சார்ஜ் பெட்டிக்கு இல்லை. வியர்வையோடு பட்ஸைப் பெட்டிக்குள் போட்டால் உப்பு ஏறிச் சார்ஜ் புள்ளிகள் பச்சை பிடித்துவிடும், 'ஒரு பக்கம் சார்ஜ் ஏறல' என்று வருவதில் நிறைய இதுதான். காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

வாரண்டிக்கு பில்லைப் படம் எடுத்து வையுங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே தண்ணீர் போனது, வயர் அறுந்தது இரண்டையும் பல கம்பெனிகள் ஏற்காது, வாங்கும் முன்பே அந்தச் சீட்டைப் படித்துவிடுங்கள். நியாயமான கோளாறுக்கும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், காசு கிடையாது.

19. அம்மாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். பேரன்கிட்ட வீடியோ கால் பேச எது வாங்கித் தரட்டும் தம்பி?

மைக்கோடு, ஒரே ஒரு பெரிய பட்டன் உள்ள வயர் இயர்போன் வாங்குங்கள். சார்ஜ் போடுவது, ஜோடி சேர்ப்பது என்ற வேலையே இல்லை, கீழே விழுந்தால் வயரைப் பிடித்து எடுத்துக்கொள்வார். ரப்பரை நீங்களே உட்கார வைத்து 3ஆம் கேள்வியின் சோதனையைச் செய்து கொடுங்கள், வயதானவர்கள் சைஸ் சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். போனில் அணுகல் வசதி என்ற செட்டிங்ஸுக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டால் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகக் கலந்து வரும், நல்ல காதில் ஒரு வார்த்தையும் தவறாது. அதே இடத்தில் இடது வலது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும், ஆனால் மந்தமான காதுக்காக அந்தப் பக்கத்தை உச்சத்துக்கு ஏற்றி விடாதீர்கள். காது டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வாருங்கள், வெறும் குறும்பியாக இருந்து அம்மாவுக்குப் பழையபடி கேட்கத் தொடங்கியதை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.